அண்ணாதுரையின் எண்ணூறு வெள்ளிப் புட்டு

அண்ணாதுரை, தியாகராசாவுக்கு எண்ணூறு சிங்கப்பூர் வெள்ளி கடன்பட்டிருந்தார். வாங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில். பாக்கி நின்றது முப்பத்தைந்து வருடம்.

கொடுக்க வக்கில்லாமல் நின்ற பாக்கி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொடுத்த மனிதர் திருப்பி வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததால் நின்ற பாக்கி அது. அண்ணாதுரை நினைத்தால் எண்ணூறு என்ன, எண்ணாயிரத்தைக்கூட அன்றைக்கே எடுத்து வைப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பதினாலு வயதில் தவுக்கே என்று கூப்பிடப்படும் ஒரு சீன முதலாளியிடம் டைல்ஸ் வேலைக்குக் கையாளாகச் சேர்ந்தார். மணல் சலித்தார், சிமெண்டு குழைத்தார், அவருடைய ஹொக்கியன் மொழியில் ஏச்சு வாங்கினார், அதே ஹொக்கியனில் திருப்பி ஏசவும் கற்றுக்கொண்டார். முப்பத்தைந்தாவது வயதில் சொந்தக் காலில் நின்றார். புக்கிட் மேராவில் தொடங்கி பிடோக் வரைக்கும் அவர் கைபடாத அடுக்குமாடி புளோக் குறைவு. மொத்தம் எத்தனை வீட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் பதித்தீர்கள் என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் வரும். புது ஆளாக இருந்தால் ஆயிரம். பழகினவராக இருந்தால் எண்ணூறு. பக்கத்தில் மனைவி சரஸ்வதி இருந்தால் அறுநூறு. அறுநூறு மட்டும் என்ன சும்மாவா?

அப்படிச் சொந்தமாக நிற்க முதலில் டைல்ஸ் வெட்டும் இயந்திரம் ஒன்று வேண்டியிருந்தது. அப்போது அண்ணாதுரை இருந்த புளோக்கின் மேல்மாடியில் தியாகராசா குடியிருந்தார். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை. மழை வராத நாளிலும் குடை எடுத்துப் போகிறவர். சாலை காலியாகக் கிடந்தாலும் பச்சை விளக்கு எரிந்தால்தான் கடப்பார். அந்த மனிதர் எழுத்தும் கேட்காமல் சாட்சியும் கேட்காமல் தன் போனஸ் பணத்திலிருந்து எண்ணூறு வெள்ளியை எடுத்துக் கொடுத்தார்.

ஆறே மாதத்தில் அண்ணாதுரை பணத்தோடு படியேறினார். இப்போது அவசரமில்லை, வைத்துக்கொள்ளும் என்று தியாகராசா சொல்லிவிட்டார். மறு வருடமும் அதே பதில்தான். தீபாவளிப் பலகாரப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துப் பார்த்தார். காலிப் பெட்டியோடு பணமும் திரும்பி வந்தது. தியாகராசாவின் மகள் பிரசாந்தியின் கல்யாணத்தில் மொய் உறைக்குள் சேர்த்து வைத்தார். மொய்யை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணூறைத் தபாலில் அனுப்பினார்கள். போன வருடம் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கைப்பேசியிலேயே பேநவ் வழியாகப் பணத்தை அனுப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதே தொகை திரும்பி வந்து விழுந்தது. கூடவே ஒரு செய்தி: 'தங்கள் அன்புக்கு நன்றி.'

வாங்காததற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை காலையில் லிட்டில் இந்தியாவில் ஒரு காப்பிக்கடையில் பழைய சிநேகிதர்கள் கூடுவார்கள். தே தாரிக் என்கிற ஆற்றின தேநீர் வந்து நுரை அடங்குவதற்குள் அண்ணாதுரை தன் கதையை ஆரம்பித்துவிடுவார். யார் தயவும் இல்லாமல் ஒற்றை ஆளாய் மேலே வந்ததையும், இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் ஒரு காசு கடனில்லாமல் நிற்பதையும் சொல்லுவார். அந்த இடம் வரும்போது தியாகராசா நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஒரு வார்த்தை சொல்லுவார்.

"எண்ணூறு."

அவ்வளவுதான். மேசையே குலுங்கிச் சிரிக்கும். முப்பத்தைந்து வருடமாக அண்ணாதுரை தன் வாழ்க்கைக் கதையை ஒருதடவைகூட முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

போன ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பேச்சு சமையல் பக்கம் திரும்பியது. தன் மருமகன் சமையல் வகுப்புக்குப் போகிறான் என்று ஒருவர் பெருமைப்பட்டார். அண்ணாதுரைக்குப் பொறுக்கவில்லை. சமையலுக்கு வகுப்பு எதற்கு, ஆயிரம் சமையலறை கட்டினவனுக்கு அதற்குள் நின்று ஒரு குழம்பு வைக்கத் தெரியாதா என்று விட்டார் ஒரு வீச்சு. புதிதாக ஒருவர் மேசையில் இருந்ததால் அன்றைக்குக் கணக்கு ஆயிரம்.

தியாகராசா நாளிதழை மடித்து வைத்தார். அவர் மடித்து வைத்ததை அந்த மேசையில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

"துரை, ஆயிரம் குசினி கட்டினனீர். ஒரு குசினியிலை ஒருநாள் சமைச்சனீரோ?"

இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தியாகராசா அங்கேயே நிபந்தனைகளைக் கிளார்க் பாணியில் ஒன்றொன்றாகச் சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. சமைப்பது அண்ணாதுரையின் கை மட்டும். சரஸ்வதி தொடவும் கூடாது, சொல்லித் தரவும் கூடாது. மூன்றில் ஒரு நாளாவது தியாகராசா தன் வாயால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் எண்ணூறு வெள்ளியைக் கை நீட்டி வாங்கிக்கொள்வார். கேட்காவிட்டால் கடன் கடனாகவே நிற்கும். அதோடு, யாருக்கும் கடனில்லை என்ற பேச்சு அண்ணாதுரை வாயில் ஆயுசுக்கும் வரக் கூடாது.

அண்ணாதுரை மேசையில் தட்டிச் சம்மதித்தார். மூன்று வாரம் எதற்கு, ஒரே வாரம் போதும் என்றும் சொன்னார். நல்லவேளை, அந்தத் திருத்தத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிறு மீன் தலைக் கறி. தேக்கா சந்தையில் அஹமது கபீரின் மீன் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய தலையாகப் பார்த்து வாங்கினார். கபீர் தலையைப் பிளந்து கொடுத்து, கல் உப்புப் போட்டு நன்றாகத் தேய்த்தால் வாடை போகும் என்று சொல்லியனுப்பினார். தேய்த்தபின் கழுவ வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அண்ணாதுரைக்குப் படித்துச் சமைக்கிற வழக்கம் ஒத்துவராது. கைப்பேசியில் ஓர் அம்மா சமைத்துக் காட்டுவதைச் சத்தமாக வைத்துக்கொண்டு செய்தார். ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? எந்த வேலைக்கும் சரக்குக் கணக்கில் நூற்றுக்குப் பத்து கூடப் போடுவார். உடைவது, சிந்துவது, ஒட்டுவதற்கு என்று. அதற்கு வேஸ்டேஜ் என்று பெயர். அந்த அம்மா இரண்டு கரண்டி உப்பு என்றார். கரண்டியில் ஒட்டிக்கொள்வதற்குக் கொஞ்சம் கூடப் போட்டார். சட்டியில் ஒட்டுவதற்குக் கொஞ்சம். மீன் உறிஞ்சிவிடும் அல்லவா, அதற்கும் கொஞ்சம். உப்பில் ஊறிக்கொண்டிருந்த தலையை அப்படியே எடுத்து அதற்குள் இறக்கினார்.

நிறம் என்னவோ அருமையாக வந்தது. தியாகராசா தாம் இப்போது குடியிருக்கும் பிடோக்கிலிருந்து ரயில் மாறி ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து, குடையோடு புக்கிட் பாத்தோக்கில் அண்ணாதுரை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"மீன் கடலிலை இருந்தது சரி. கடலையும் ஏன் காணும் கொண்டுவந்தனீர்?"

சரஸ்வதி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தது வெளியே நன்றாகவே கேட்டது.

இரண்டாவது ஞாயிறுக்கு அண்ணாதுரை பாடம் படித்துக்கொண்டார். உப்பு இல்லாத பண்டமாகப் பார்த்து இட்லி செய்வது என்று தீர்மானித்தார். இட்லியிலும் உப்பு உண்டு என்று சரஸ்வதி சொல்ல வாயெடுத்து, நிபந்தனை நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

அரிசியும் உளுந்தும் ஊறியதும் அரைபட்டதும் நல்லபடியாகவே. பெரிய மூடி போட்ட வாளி ஒன்றைப் புதிதாக வாங்கி, இடத்தை வீணாக்கக் கூடாது என்று விளிம்பு வரைக்கும் மாவை ஊற்றி, நாலு பக்கமும் கொக்கி மாட்டி இறுக்கி, வெயில் படும் சன்னலுக்குக் கீழே வைத்தார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டைல்ஸ் பதிக்கும்போது ஓரத்தில் இடைவெளி விட வேண்டும், சூட்டில் விரிந்தால் தூக்கிக்கொள்ளும் என்று நூறு வேலையாட்களுக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தவர் அவர். தன் வாளிக்கு மட்டும் ஓர் அங்குலமும் விடவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு டப்பென்று ஒரு சத்தம். வரவேற்பறையில் இருந்த அண்ணாதுரை வெளியே ஏதோ டயர் வெடித்ததாக நினைத்தார். பதிமூன்றாவது மாடியில் டயர் எங்கிருந்து வரும் என்று சரஸ்வதி கேட்ட பிறகுதான் ஓடினார். மூடி அலமாரி மேல் கிடந்தது. மாவு அவர் கையால் பதித்த தரையில், தண்ணீர் ஓட அவர் கையால் வைத்த சாய்மானத்தில், ஒரு துளி தேங்காமல் வழிந்து, வாசற்படி தாண்டி, பக்கத்து வீட்டுக் கதீஜாவின் செருப்பு வரைக்கும் போயிருந்தது. சாய்மானம் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன் பார் என்றுதான் அவருக்கு முதலில் சொல்லத் தோன்றியது. கதீஜா கதவைத் திறந்து செருப்பைப் பார்த்தார், அண்ணாதுரையைப் பார்த்தார்.

"அங்கிள், இது டைல்ஸ் ஒட்டுற பசையா, சாப்பாடா?"

சாப்பாடு என்று சொல்ல அண்ணாதுரைக்குக் கூச்சமாக இருந்தது. பசை என்றார். செருப்பைத் தானே கழுவிக் கொடுத்தார்.

வாளியில் தங்கிய மாவு ஞாயிறு காலைக்குள் புளித்துத் தண்ணீராகிவிட்டது. தண்ணீரான கலவையை எப்படிச் சரிசெய்வது? தூள் சேர்த்து இறுக்க வேண்டியதுதான். அரிசி மாவைக் கொட்டி இறுக்கினார். இன்னும் கொஞ்சம் கொட்டினார். ஓரம் சிதையாத, பார்க்கக் கச்சிதமான பன்னிரண்டு இட்லிகள் வெந்து வந்தன.

தியாகராசா ஒன்றைத் தட்டில் எடுத்து வைத்தார். அழுத்திப் பார்த்தார்; விரல் இறங்கவில்லை. பிறகு விரல் முட்டியால் நாலு இடத்தில் டொக் டொக் என்று தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். டைல்ஸ் பதித்து முடித்ததும் அடியில் பொள்ளலாக வெற்றிடம் இருக்கிறதா என்று அண்ணாதுரை தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி.

"உள்ளுக்குப் பொள்ளல் ஒண்டுமில்லை. நல்ல வேலை, துரை."

அன்றைக்குச் சரஸ்வதி குழாயைத் திறக்கவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணாதுரைக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமைக்குள் இந்தக் கதை காப்பிக்கடைக்குப் போய்விடும் என்பது தெரியும். போயும் விட்டது. காப்பி கலக்குகிறவர்கூட அண்ணாதுரையின் கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்து ஒருதரம் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

மிச்சம் ஒரு ஞாயிறு. அதுவும் போனால் எழுபது வயதுக்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அண்ணாதுரை சாதாரணமாக யாரிடமும் யோசனை கேட்கிற ஆள் இல்லை. ஆனால் காப்பிக்கடையிலிருந்து திரும்பும் வழியிலேயே பிரசாந்தியைத் தொலைபேசியில் பிடித்தார். உன் அப்பாவுக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டார்.

"அப்பாக்குப் புட்டுன்னா உயிர் அங்கிள். பட் எங்க வாங்கிக் குடுத்தாலும் குறை சொல்வார். நான் செஞ்சா சிமெண்டுங்கிறார் லா."

சிமெண்டு. அந்தச் சொல் அண்ணாதுரையைப் பிடித்துக்கொண்டது. வந்த வழியே திரும்பி லிட்டில் இந்தியாவுக்குப் போய், வறுத்த சிவப்பரிசி மாவு நாலு பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

முதல் பாக்கெட்டைக் கைப்பேசி அம்மா சொன்னபடி செய்தார். இத்தனை கோப்பை மாவுக்கு இத்தனை கோப்பை வெந்நீர். அவர் வேஸ்டேஜ் சேர்த்து ஊற்றினார். மாவு களியாகிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பாக்கெட்டுக்குத் தண்ணீரைக் குறைத்தார், தூளாகவே நின்றது. மூன்றாவது பாக்கெட்டைப் பிரித்தபோது கைப்பேசியை அணைத்துத் தூர வைத்தார்.

மாவை மணல் சலிக்கிற மாதிரி சலித்தார். உப்பை விரல் நுனியால் ஒருதரம் மட்டும் தூவினார். வெந்நீரைத் தெளித்துத் தெளித்துக் கையாலேயே பிசறினார். ஐம்பது வருடம் சிமெண்டில் ஊறின உள்ளங்கை அது. கொதிக்கிற நீரும் உறைக்கவில்லை. ஒரு பிடி அள்ளி இறுக்கினார். விரலைப் பிரித்தால் உருண்டையாக நின்றது. கட்டைவிரலால் தட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளங்கையில் ஈரம் ஒட்டவில்லை.

அண்ணாதுரை அப்படியே நின்றார். இது அவருக்குத் தெரிந்த ஈரம். தரையில் டைல்ஸ் பதிக்கும் முன்னால் கீழே விரிக்கிற மணலும் சிமெண்டும் சேர்ந்த அரை ஈரக் கலவை. பிடித்தால் நிற்க வேண்டும், தட்டினால் உடைய வேண்டும், கையில் நீர் நிற்கக் கூடாது. பதினாலு வயதில் தவுக்கே அவர் கையில் ஒரு பிடியை வைத்து அழுத்திக் காட்டிய ஈரம் அது. அந்தப் பதம் வராமல் அவர் ஒரு வீட்டிலும் ஒரு டைல் பதித்ததில்லை. அறுநூறு சமையலறையிலும் குனிந்து குனிந்து பிசறினது இந்தப் புட்டைத்தான்.

கட்டிகளைக் கொத்தி உதிர்க்கப் பழக்க தோஷத்தில் கருவிப் பைக்குள் கையை விட்டார்.

"கொத்துக்கரண்டியைத் தொட்டீங்கன்னா நான் சாப்பிட மாட்டேன்," என்றார் சரஸ்வதி வாசலிலிருந்து.

இது சொல்லித் தருவதில் சேருமா என்று இருவரும் ஒரு கணம் யோசித்தார்கள். சேராது என்று முடிவு செய்து, அண்ணாதுரை ஒரு டம்ளரின் விளிம்பால் கொத்தினார்.

மறுநாள் மதியம் நாலாவது பாக்கெட் ஆவியில் வெந்தது. தேங்காய்ப்பூவைக் கலந்தார். பக்கத்தில் ஒரு மீன் குழம்பும் வைத்தார். அது வழக்கம்போல் எதற்கும் உதவாமல் வந்தது. தியாகராசா குழம்பை ஒரு பார்வை பார்த்து ஓரமாக நகர்த்திவிட்டு, புட்டில் ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து வாயில் வைத்தார்.

அதன்பின் தட்டு காலியாகும் வரைக்கும் அவர் நிமிரவில்லை.

காலியானதும் நிமிர்ந்தார். புட்டுப் பானையைப் பார்த்தார். அண்ணாதுரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போடட்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது; ஆனால் தியாகராசா தன் வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சரஸ்வதி தன் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். நிதானமாகப் பழத்தைப் பிசைந்தார். அண்ணாதுரை பானையின் மூடியை எடுத்து மெதுவாக மூடப் போனார்.

"கொஞ்சம் போடும்," என்றார் தியாகராசா.

"என்ன சொன்னீங்க அண்ணே?"

"காது கேக்காதோ? புட்டுக் கொஞ்சம் போடும் எண்டனான்."

அண்ணாதுரை கொஞ்சமாகப் போடவில்லை. தட்டு நிறையப் போட்டார். போட்டுவிட்டு உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தார். ஐம்பது வெள்ளித் தாள் பதினாறு, மூன்று வாரத்துக்கு முன்பே வங்கியில் வாங்கி வைத்தது.

தியாகராசாவின் வலது கை முழுக்கப் புட்டு. இடது கையில் பணம் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. அண்ணாதுரை காத்திருந்தார். தியாகராசா மிகவும் மெதுவாகச் சாப்பிட்டார். முடிந்ததும் மூன்றாம் முறை கேட்டார். அதையும் போட்டார். அதையும் பருக்கை பருக்கையாகச் சாப்பிட்டார்.

"ஏன் அண்ணே இழுக்கிறீங்க? தோத்தது தோத்ததுதானே."

தியாகராசா தட்டில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"தோத்ததுக்கில்லை, துரை. நான் வாழ்க்கையிலை துணிஞ்சு செய்தது அந்த ஒண்டுதான். எழுத்தில்லை, சாட்சியில்லை. மனுசி ஒரு மாசம் என்னோடை கதைக்கேல்லை. நீர் என்னெண்டால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, யார்ரை தயவும் இல்லாமல் வந்தனான் எண்டு சொல்லுறீர். காசை வாங்கினால் அதுவும் உண்மையாப் போயிடும்."

அண்ணாதுரை கையிலிருந்த தாள்களை ஓரம் சேரும்படி மேசையில் தட்டி அடுக்கினார்.

தியாகராசா எழுந்து கை கழுவினார். துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து, உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தார்.

"ஒற்றை ஆளா வந்தேன்னு இனிச் சொல்ல மாட்டேன்," என்றார் அண்ணாதுரை. "மெஷினு ராசா அண்ணன் வாங்கிக் கொடுத்தது, மிச்சமெல்லாம் நான்னு சொல்றேன். மிச்சம் நிறைய இருக்கு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"அது காணும், அது போதும்," என்றார் தியாகராசா. "எண்ணும்."

அண்ணாதுரை விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, வேஸ்டேஜுக்கு ஒரு தாள்கூடச் சேர்க்காமல், ஒவ்வொரு தாளாக அந்தக் கையில் வைத்தார். ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று வாய்விட்டு எண்ணி எழுநூற்றைம்பதில் ஒருதரம் நின்று, தியாகராசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசித் தாளையும் வைத்தார்.

"எண்ணூறு," என்றார்கள் இருவரும்.